ஒன்பது மீட்டர் வைத்த மோட்டார் சைக்கிள்

வாசலில் பாயை விரித்து என் மனைவி சிவகாமி மிளகாய் காயப் போட்டிருந்தாள். பொன்னையா கிராணியார் வந்தார். தோளில் சுமந்து வந்த சாக்கை அந்த மிளகாயின் மேலேயே கவிழ்த்தார். கடகடவென்று உருண்டன வட்டங்கள். எல்லாம் கண்ணாடி, பித்தளை, அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு முள். ஒன்று உருண்டு வாய்க்காலுக்கே போகப் பார்த்தது. சிவகாமி காலை நீட்டித் தடுத்தாள்.

"தம்பி மாணிக்கம், இதெல்லாத்தையும் என்ர மோட்டார் சைக்கிளில பூட்ட வேணும்," என்றார்.

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

"ஒன்பதையுமா ஐயா?"

"ஓம். ஒண்டும் குறையக் கூடாது."

சிவகாமி மிளகாயைப் பொறுக்கிக்கொண்டே என் காதில் விழும்படி சொன்னாள்: "இவரு வண்டி ஓட்டப் போறாரா, கடியாரக் கடை வைக்கப் போறாரா?"

நல்லவேளை, கிராணியார் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தத் தொடர் இந்த வாரத்தோடு வேறு திசையில் போயிருக்கும்.

போன வாரம் எங்கள் பட்டறைக்குப் பூட்டுத் தொங்கியதைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். "பிறகு எப்படித்தான் பிழைத்தீர்?" என்று செமினியிலிருந்து ஒரு வாசகர் தபாலட்டை போட்டிருக்கிறார். இதோ சொல்கிறேன் ஐயா. படித்து முடித்தபின் ஏன்டா கேட்டோம் என்று தோன்றினால் நான் பொறுப்பில்லை.

கப்பலா, தோட்டமா?

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. பால் வெட்டினால் நஷ்டம், வெட்டாவிட்டாலும் நஷ்டம். கார் வைத்திருந்தவர்கள் காரைக் கொட்டகையில் போட்டுத் துணி மூடினார்கள். காரே ஓடாதபோது காருக்குள் இருக்கும் மீட்டரை யார் பழுது பார்ப்பார்கள்? என் தொழில் அதுதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மோட்டார் பட்டறையில் வேகம் காட்டும் ஸ்பீடோ மீட்டர், மின்சாரம் காட்டும் ஆம்ப் மீட்டர், எண்ணெய் மீட்டர் எல்லாம் கழற்றி மாட்டுவேன். முள் செத்துப் போனால் உயிர் கொடுப்பேன். பட்டறை மூடியதும் என் முள்ளும் சாய்ந்துவிட்டது.

வேலையில்லாதவர்கள் பெயர் கொடுத்தால் இலவசமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே நாலு குடும்பம் போய்விட்டது. பானை சட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஏதோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி போனார்கள்.

சிவகாமிக்கு அப்போது ஆறு மாதம். இன்னும் ஒரு மாதம் போனால் கப்பல் பிரயாணம் கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ஆக, மாதக் கடைசிக்குள் வேலை கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் பெயர் கொடுத்துவிட வேண்டும். இரண்டு பேரும் அப்படித்தான் பேசி முடிவு செய்திருந்தோம். முடிவு செய்த அன்று அவள் அழுதாள். அவள் கிள்ளானில் பிறந்தவள். நான் கைக்குழந்தையாக இங்கே வந்து சேர்ந்தவன். போய் இறங்கினால் "வா" என்று சொல்ல ஒரு நாய் கூட எங்களுக்கு அங்கே கிடையாது. எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். வெளியில் மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் கிராணியார் சாக்கோடு வந்தார். கிள்ளானுக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்துக்காரர்களுக்கெல்லாம் தலைவர். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் அவர் சொல்தான். யாழ்ப்பாணத்து மனிதர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"எங்கட ஃபெக்டரிக்கு ஒரு ஃபிட்டர் எடுக்கலாம் எண்டு துரை யோசிக்கிறார்," என்றார். "இந்த வேலையை நீர் வடிவாச் செய்து தாரும். நான் துரையிட்ட ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது."

பிறகென்ன? ஒன்பது என்ன, தொண்ணூறு மீட்டர் கொண்டுவந்தாலும் பூட்டியிருப்பேன்.

மீட்டர் மோகம்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். மன்னிக்கவும், வயதானால் பேச்சு நேராகப் போவதில்லை.

அந்தக் காலத்தில் கோலாலம்பூரில் முள் வைத்த எந்தப் பொருளுக்கும் ஒரு மரியாதை உண்டு. மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு துணிக்கடைக்காரர் சுவரில் மூன்று கடிகாரம் மாட்டியிருந்தார். மூன்றும் மூன்று நேரம் காட்டும். எது சரியென்று கேட்டால், "உங்களுக்கு எது வசதியோ அதை எடுத்துக்குங்க," என்பார். எங்கள் பட்டறை முதலாளி ஓடாத கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, யாராவது பார்க்கும்போது மட்டும் மணி பார்ப்பார். நேரம் தேவைப்பட்டால் என்னைக் கேட்பார்.

பொன்னையா கிராணியாருக்கு இந்த வியாதி துரையின் காரிலிருந்து தொற்றியது. துரையின் காரில் பாலிஷ் போட்ட மரப்பலகையில் ஆறு மீட்டர் வரிசையாக இருக்கும். தினமும் காலையில் கணக்குப் புத்தகத்தோடு அந்தக் காரின் பக்கத்தில் நிற்பார். துரை பேசுவதைக் கேட்பாரோ இல்லையோ, அந்த ஆறு முள்ளையும் பார்ப்பார்.

துரை தன் பழைய மோட்டார் சைக்கிளை இவர் தலையில் கட்டினார். அதில் இருந்தவை இரண்டே இரண்டு மீட்டர். கைப்பிடி நடுவில் ஸ்பீடோ மீட்டர், டேங்கின் மேல் எண்ணெய் மீட்டர். கிராணியாருக்குத் தூக்கம் போயிற்று.

பழைய இரும்புக்காரத் தௌக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், போனார். அவன் கடையில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளினார். ஆம்ப் மீட்டர், காரில் வைக்கிற கடிகாரம், திசை காட்டும் கருவி, ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்து வெப்பமானி, ஏதோ பங்களா ஏலத்தில் வந்த காற்றழுத்தமானி, ஒரு பழைய நீராவி மீட்டர். மளிகைக் கடைத் தராசின் வட்டமுகம் கூட ஒன்று. இந்த ஏழோடு வண்டியிலிருந்த இரண்டையும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, இது தராசு. மோட்டார் சைக்கிள்ல என்னத்த நிறுக்கிறது?" என்று கேட்டேன்.

"நிறுக்கத் தேவையில்லை. முள் ஆடும்தானே?"

ஆடும். குண்டும் குழியுமான ரோட்டில் நன்றாகவே ஆடும்.

தகரமும் கிரகமும்

இவ்வளவையும் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட முடியாது. வண்டிக்கு முன்னால் விளக்கைச் சுற்றி ஒரு தகரக்கூடு செய்து, அதில் துளை போட்டு உட்கார வைக்க வேண்டும். இப்போதைய பையன்கள் அதற்கு ஃபேரிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது மூஞ்சித் தகரம்.

மண்ணெண்ணெய் டின்களைப் பிரித்து நிமிர்த்தினேன். பெட்டிப் பலகையில் அச்சு செய்து அதன்மேல் தட்டி வளைத்தேன். விளிம்பில் கம்பி வைத்து மடித்தேன், கையைக் கிழிக்காமல் இருக்க. துளை போடுவதுதான் பெரிய வேலை. வட்டம் கீறி, கீறலோடு சின்னச் சின்னத் துளையாக வரிசைக்குப் போட்டு, உளியால் தட்டி எடுத்து, அரத்தால் ராவ வேண்டும். பிறகு பழைய டியூபை வெட்டி ஒவ்வொரு மீட்டருக்கும் ரப்பர் வளையம். அது இல்லாவிட்டால் இஞ்சின் உதறுகிற உதறலில் கண்ணாடி தெறிக்கும், முள் நடுங்கும்.

முதலில் ஓர் அட்டையில் மூன்று மூன்றாக மூன்று வரிசை வரைந்து காட்டினேன். எல்லாம் ஓட்டுகிறவரைப் பார்த்தபடி. கிராணியார் கண்கலங்கிப் போனார். "துரைக்கு ஆறு. எனக்கு ஒன்பது," என்று இரண்டு தரம் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் திருநீறு காயவில்லை. முகம் மட்டும் காய்ந்திருந்தது.

"தம்பி, பெரிய பிழை நடக்கப் பார்த்தது. ஒன்பது மீட்டர் எண்டால் என்ன?"

"ஒன்பது மீட்டர்தான் ஐயா."

"நவக்கிரகம் காணும், நவக்கிரகம்! எந்தக் கோயிலில ஒன்பதும் ஒரே பக்கம் பார்க்குது? ஒண்டை ஒண்டு பாராமல் ஆளுக்கொரு திக்கில எல்லோ நிக்கும்?"

"அப்ப ஒன்ன எடுத்துருவோம் ஐயா. எட்டு வைப்போம். இல்ல, பத்தா வச்சுருவோம்லா."

"எனக்கு ஏழரைச் சனி நடக்குது. வீடு தேடி வந்த கிரகத்தைக் கழட்டி எறியச் சொல்லுறீரோ? பகிடியோ உமக்கு?"

பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டு வாசலில் கிரகப் பங்கீடு நடந்தது. ஸ்பீடோ மீட்டர் சூரியன், அதனால் நடுவில். கடிகாரம் சந்திரன். வெப்பமானி செவ்வாய். வழிகாட்டுகிறவர் குரு, ஆகவே திசைகாட்டி. வியாபாரத்துக்குப் புதன், தராசு அவருக்குப் போயிற்று. நீராவி மீட்டரில் முள்ளே இல்லை. தலையில்லாத கேதுவுக்கு முள்ளில்லாத மீட்டர் பொருத்தம்தான் என்று கிராணியாரே பாராட்டிக்கொண்டார்.

சூரியன் கிழக்கே பார்க்க வேண்டுமாம். "ஐயா, வண்டி திரும்பத் திரும்பக் கிழக்கு மாறிக்கிட்டே இருக்குமே?" என்று கேட்டேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து பதில் சொன்னார்: "நான் இருக்கிற பக்கம் கிழக்கு எண்டு வைச்சுக்கொள்ளும்."

பெரிய கிராணி சொன்னால் சூரியனே கேட்கும்போது நான் யார்? ஆனால் எண்ணெய் மீட்டர் விஷயத்தில் மட்டும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"ஐயா, மத்தது எந்தப் பக்கம் பாத்தாலும் பரவால்ல. எண்ணெய் மீட்டர் மட்டும் ஓட்டுறவர் கண்ணுக்கு நேரா இருக்கணும். முள்ளு இறங்குச்சுன்னா அந்த நிமிசமே வண்டிய நிறுத்தணும். இல்லன்னா இஞ்சின் இறுகிப்போகும்."

"எண்ணெய் ஆருக்குரியது?"

"இஞ்சினுக்கு."

"சனீஸ்வரனுக்கு! சனிக்கிழமை எண்ணெய் விளக்கு ஆருக்கு எரிக்கிறம்? சனியை நேருக்கு நேரை நிண்டு கும்பிடவே கூடாது. அவரை மூஞ்சிக்கு முன்னால வைச்சுக்கொண்டு நான் கிள்ளானுக்கு ஓடுறதோ?"

"அது நல்லெண்ணெய்ங்க. இது இஞ்சின் எண்ணெய்."

"எண்ணெய் எண்ணெய்தான். அவரை ரோட்டுப் பக்கம் திருப்பிவிடும். வாறவன் போறவனைப் பார்க்கட்டும்."

எண்ணெய் மீட்டருக்கு இஞ்சினிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று வரும். அதை ஒரு சுற்றுச் சுற்றி விட்டால்தான் உதறலைத் தாங்கும். மீட்டரை ரோட்டுப் பக்கம் திருப்பியதில் சுற்றுக்கு இடமில்லை. முழங்கை மாதிரி இரண்டு இடத்தில் மடக்க வேண்டியதாயிற்று. மடக்கும்போதே குழாயில் மடிப்புத் தெரிந்தது. அது தாங்காது என்று எனக்குத் தெரியும். கிராணியாரிடமும் சொன்னேன்.

"மாசம் முடிய இன்னும் எத்தினை நாள் தம்பி?" என்று கேட்டார். எங்கள் கப்பல் கெடு அவருக்கும் தெரியும். அவ்வளவுதான் கேட்டார்.

நான் குழாயை மடக்கினேன்.

சிவகாமி பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னால நிக்கிற மாட்டுக்கு எதுக்குங்க எண்ணெய்க் கணக்கு?" என்றாள். "உன் வேலையைப் பாரு," என்று எரிந்து விழுந்தேன். நியாயமான கேள்வி கேட்பவர்களிடம்தானே நமக்குக் கோபம் வரும்.

கிள்ளான் ரோட்டில் ஊர்வலம்

துரைக்கு வண்டியைக் காட்டி, அப்படியே என்னையும் காட்டுவதென்று ஏற்பாடு. ராகு காலம் போய், எமகண்டம் போய், ஒரு பூனை குறுக்கே போனதால் திரும்பவும் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, வெயில் ஏறியபின் புறப்பட்டோம். கிராணியார் வெள்ளை டிரில் உடுப்பு, தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி. பின்னால் நான், மடியில் கருவிப் பை.

வண்டியைப் பார்க்க வேண்டுமே! பிரிக்பீல்ட்ஸே வாசலுக்கு வந்துவிட்டது. மூஞ்சித் தகரத்தில் திசைக்கொன்றாக ஒன்பது கண்ணாடி மின்னியது. இடது பக்கம் நின்றவர்கள் மணி பார்த்தார்கள். வலது பக்கம் நின்றவர்கள் வெப்பம் பார்த்தார்கள். ஒரு மலாய்ப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, தராசை ஒரு விரலால் தட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போகச் சொன்னார். ஓட்டுகிற கிராணியாருக்குத் தெரிந்தது வேகம் ஒன்றுதான். அதையும் அவர் பார்க்கவில்லை. சனங்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பாதி வழியில் எனக்கு ஒரு வாடை அடித்தது. காய்ந்த எண்ணெய் வாடை.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. எண்ணெய் எங்கயோ ஒழுகுது."

"அது ஃபெக்டரி வாடை."

ஃபெக்டரி இன்னும் ஆறு மைல் தள்ளி இருந்தது.

எதிரே ஒரு லோரி வந்தது. ஓட்டி வந்த சீனர் எங்கள் மூஞ்சித் தகரத்தைப் பார்த்து, கையை வெளியே நீட்டி, ஏதோ கத்தி, கீழே கீழே என்று விரலைக் காட்டினார். முள் கீழே போய்விட்டது என்கிறார் மனிதர். கிராணியாருக்கு ஆனந்தம். ஒரு கையை எடுத்து அவருக்குச் சலாம் வைத்தார். "பார்த்தீரோ? சீனனே கும்பிடுறான்," என்றார்.

பிறகுதான் அவர் வெள்ளைக் கால்சட்டையைக் கவனித்தேன். முழங்காலுக்குக் கீழே கறுப்பு. மடிப்பு விழுந்த இடத்தில் குழாய் வெடித்து, எண்ணெய் பீச்சி அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, குழாய் போயிருச்சு! நிறுத்துங்க ஐயா!"

"துரை நிக்கிறார் காணும், வாயை மூடும்!"

உண்மைதான். வந்துவிட்டோம். தோட்டத்து வாசலில், ஃபெக்டரிக்கு முன்னால், துரை இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். எங்களுக்கு நேர் எதிரே நின்றவருக்கு நேர் எதிரே சனீஸ்வரன். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

"ஸ்டாப்! எண்ணெய் இல்லே! நிப்பாட்டு!" என்று துரை கத்தினார்.

கிராணியார் மறுபடியும் கையெடுத்தார், சலாம் வைக்க. அதே நேரத்தில் இஞ்சின் "கிறீச்" என்று ஒரே சத்தம் போட்டு இறுகிற்று. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்தது. கிராணியார் இருக்கையிலிருந்து டேங்கின் மேல் ஏறிப்போய் உட்கார்ந்தார். மூக்கு சூரியனில் இடித்தது. நான் பையோடு செம்மண்ணில் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, யாருக்கும் எலும்பு முறியவில்லை.

துரை கேட்ட கேள்வி

துரை குனிந்து எண்ணெய் மீட்டரைப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து ஓட்டுகிறவர் பக்கம் பார்த்தார். திரும்பவும் முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யாரு இந்த மீட்டர் இப்டி வெச்சான்?" என்றார். தோட்டத் துரைகள் தமிழ் படித்துத்தான் வேலைக்கு வருவார்கள். தமிழும் அவர்களிடம் படாதபாடு படும்.

கிராணியார் மூக்கைப் பிடித்துக்கொண்டே என்னைக் காட்டினார். "இந்த ஃபிட்டர்தான் சேர்."

ஐயா வாசகர்களே, நான் இப்போது என்ன சொல்ல வேண்டும்? நவக்கிரகக் கதையைச் சொன்னால் துரை விழுந்து விழுந்து சிரிப்பார், கிராணியார் என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். நான்தான் முட்டாள்தனமாக வைத்தேன் என்றால் முட்டாள் ஃபிட்டரை எவன் வேலைக்கு எடுப்பான்? கண் முன்னால் கப்பல் தெரிந்தது. சிவகாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறுவது தெரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"முன்னால நிக்கிற பெரியவங்க பார்க்கணும்னுதான் துரை அப்படி வச்சேன்."

துரை என்னையே பார்த்தார். பிறகு மீட்டரைப் பார்த்தார். பிறகு தான் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் அங்க நின்னு பாத்தான்," என்றார் மெதுவாக. "ஓட்டுறவன் பாக்கல. நான் பாத்தான்."

"ஆமாங்க துரை."

"வா."

என்னை ஃபெக்டரிக்குள் கூட்டிப் போனார். ரப்பர் உருட்டுகிற இயந்திரங்களுக்கு நீராவி கொடுக்கும் பாய்லர் அறை. உள்ளே நெருப்புக் குழி மாதிரி சூடு. பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் கருப்பண்ணன் என்று ஒருவர். நாற்பது வயதிருக்கும், முழங்கை வரை தீக்காயத் தழும்பு. அவர் தலைக்கு நேரே பாய்லரின் அழுத்த மீட்டர். எண் படிக்கத் தெரியாதவர் என்பதால் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். முள் பொட்டைத் தொட்டால் நெருப்பைக் குறைப்பார்.

"இந்த மீட்டர் பாக்க நான் தினம் உள்ள வரணும். சூடு," என்றார் துரை. "நீ இதை வெளிய வை. சுவர்ல. ரோட்டைப் பாத்து. நான் கார்லேருந்து பாக்கிறான்."

இதுவா விஷயம்! ஏழரைச் சனிக்குப் பயந்து கிராணியார் செய்த பைத்தியக்காரத்தனம், துரையின் தலைக்குள் போனதும் நிர்வாகத் திறமை ஆகிவிட்டது. வேலை செய்கிறவன் பார்க்க வேண்டிய முள்ளை மேலே இருக்கிறவர் பார்க்கும்படி திருப்பி வைக்க ஓர் ஆள் கிடைத்தான். அன்றே எனக்கு வேலை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சிவகாமி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. கிராணியார் என்னிடம் சொன்னது வேறு: "சனீஸ்வரனைப் போலக் கொடுப்பாருமில்லை தம்பி. உமக்கு வேலை வாங்கித் தந்தது நான் இல்லை, அவர்தான்." தன் இஞ்சின் போன துக்கத்தை அதைச் சொல்லியே ஆற்றிக்கொண்டார்.

சுவரில் ஒரு துளை

வேலை சுலபம். சுவரில் துளை போட்டேன். குழாயை நீட்டினேன், இந்த முறை நல்ல சுற்றோடு. மீட்டரை வெளிச்சுவரில் பித்தளை வளையத்தோடு உட்கார வைத்தேன். துரை காரை நிறுத்திப் பார்த்தார். "அந்த அழுக்கைத் துடை," என்றார். கருப்பண்ணன் வைத்த பொட்டைத்தான் சொன்னார். எச்சிலைத் தொட்டுத் துடைத்தேன்.

அன்றிலிருந்து கருப்பண்ணன் அரைமணிக்கொரு தரம் வெளியே ஓடிவந்து முள்ளைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். வெயிலில் ஓடினார். மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். பொட்டு இல்லாததால் முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று என்னைக் கேட்பார். சொல்வேன்.

"என் கண்ணைப் புடுங்கிக்கிட்டுப் போயி ரோட்டுல வச்சிட்டியே தம்பி," என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உள்ளேயும் ஒன்று வைக்கலாம்" என்று துரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாமான் கூடக் கையில் இருந்தது. நான் புதுசு, வேலை புதுசு, வீட்டில் பிள்ளைத்தாச்சி. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப் போட்டேன்.

மூன்றாவது வாரம் துரை காரிலிருந்தபடியே கேட்டார்: "ஏன் இந்த ஆள் எப்பவும் வெளிய நிக்கிறான்? உள்ள வேலை இல்லியா?"

கிராணியார் புத்தகத்தைப் புரட்டினார். விலை விழுந்த காலம். தோட்டத்தில் ஒவ்வொரு பிரிவிலும் ஆள் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வேறு இருந்தது. முள்ளைத் துரையே பார்த்துக்கொள்கிறார். நெருப்புப் போட ஃபிட்டர் இருக்கிறான். ஆக, பாய்லர் அறையில் ஓர் ஆள் அதிகம். கிராணியார் அந்தப் பெயரை முத்து முத்தான கையெழுத்தில் கப்பலுக்குப் போகிறவர்கள் பட்டியலில் எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

துறைமுகத்துக்குப் போகும் லோரி ஃபெக்டரி வாசலில் நின்றது. பத்துப் பதினைந்து பேர் மூட்டை முடிச்சோடு ஏறினார்கள். கருப்பண்ணன் மனைவியை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், நாலு வார்த்தை வாங்கிக்கொண்டால் எனக்கும் கொஞ்சம் ஆறும் என்று கிட்டே போனேன்.

லோரியின் பக்கப் பலகை மேல் குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காமல், கொஞ்சம் கூச்சத்தோடு, மெதுவாகக் கேட்டார்.

"நான் இங்கேயே பொறந்து வளந்தவன் தம்பி. நீ நாலு எழுத்துப் படிச்சவன். அங்க பாய்லர் வேலை கெடைக்குமா?"

"கெடைக்கும்ண்ணே. நெறைய இருக்கு," என்றேன். அந்த நாட்டில் எனக்கு ஒரு தெரு கூடத் தெரியாது.

"அப்பச் சரி," என்றார். மனைவி மடியிலிருந்த மூட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவளிடம் திரும்பி, "இருக்காம்," என்று சொன்னார்.